டீயோடு கொடுத்த மாத்திரை

அன்பு மகனுக்கு,

எல்லோரும் சுகம் என்று ஒரு வரி எழுதிவிட்டுத்தான் மற்றதை ஆரம்பிக்க வேண்டும். உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. எனக்கு மனசுதான் சரியில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்துவிட்டுப் போனதிலிருந்து சரியில்லை. போனில் பேசிவிடலாம் என்று நாலு தடவை எடுத்தேன், எடுத்த வேகத்தில் வைத்துவிட்டேன். டீக்கடையில் நின்றுகொண்டு பேசுகிற பேச்சில்லை இது. வீட்டில் பேசினால் உன் அம்மா குறுக்கே விழுவாள். அதனால் மதியம் ரெண்டு மணிக்கு மேல், திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் கூட்டம் கலைந்து, பாய்லர் மட்டும் தன்பாட்டுக்குக் கொதிக்கிற நேரம் பார்த்து, கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் பழைய நோட்டில் மிச்சமிருந்த தாள்கள்தான். நான் ஆறாவதோடு நின்றவன். பிழை இருந்தால், வாத்தியார்தானே நீ, திருத்திப் படித்துக்கொள்.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது நீ சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, எனக்கு எழுத்து எழுத்தாக ஞாபகம் இருக்கிறது. "ஹெச்.எம். என் தலையில கட்டிட்டாங்கப்பா. வாராவாரம் வியாழக்கிழமை அந்தச் சத்து மாத்திரைய நாந்தான் குடுக்கணுமாம். பொம்பளப் புள்ளைக சமாச்சாரம், எனக்கென்ன தெரியும்? கையில குடுத்துட்டு ரிஜிஸ்டர்ல டிக் அடிச்சுட்டு வந்துருவேன். பாதி மாத்திரை ஜன்னலுக்கு வெளியதான் கெடக்கு" என்றாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய். நானும் கூடச் சிரித்துத் தொலைத்தேன். உன் அக்கா மகேசு ரசச் சட்டியோடு உனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். சட்டியைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். நீ இன்னொரு அப்பளம் கேட்டாய். நீ அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

அந்த மாத்திரையை நீ இனிமேல் அப்படிக் கொடுக்கக் கூடாது. டி. கல்லுப்பட்டி தாண்டி இருக்கிற அந்தப் பள்ளியில் உன் முன்னால் கை நீட்டுகிற ஒவ்வொரு பிள்ளையும் உன் கண் முன்னால் அதை விழுங்க வேண்டும், எதற்கு விழுங்குகிறோம் என்று தெரிந்து விழுங்க வேண்டும். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்பதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதில் பாதி உனக்குத் தெரியும். மீதி இந்த உலகத்தில் ரெண்டு பேருக்குத்தான் தெரியும், எனக்கும் மகேசுக்கும்.

உன் அக்கா சின்ன வயசில் எப்படி ஓடுவாள் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். ஏழாவது எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் அவளை முந்த ஆள் கிடையாது. சோப்பு டப்பா, எவர்சில்வர் கிண்ணம் என்று வாங்கி வந்த பரிசுகளில் ரெண்டு கிண்ணம் இன்னும் நம் அடுப்படியில் கிடக்கிறது. பெரிய மனுஷியாகி ஒரு வருஷம் ரெண்டு வருஷம் ஆவதற்குள் அந்தப் பிள்ளை எங்கே போனாள் என்று தெரியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையைக் கடாசிவிட்டுச் சுருண்டு படுத்துக்கொள்வாள். குழாயடியிலிருந்து ஒரு குடம் தூக்கி வருவதற்குள் ரெண்டு இடத்தில் இறக்கி வைப்பாள். கேட்டால் தலை சுற்றுகிறது, கால் வலிக்கிறது என்பாள். நாங்கள் என்ன சொன்னோம்? சோம்பேறி என்றோம். நான் சொன்னேன், உன் அம்மா சொன்னாள், எட்டாவது படித்துக்கொண்டிருந்த நீயும் எங்களைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாய். டிவியில் படம் போட்டால் மட்டும் எப்படி உட்கார்ந்திருக்கிறாள் பார் என்று எனக்கு ஆத்திரம் வேறு. உட்கார்ந்து பார்க்கிறாளா, உட்கார்ந்தபடியே தூங்குகிறாளா என்று பக்கத்தில் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை.

அப்புறம் அரிசி தின்ன ஆரம்பித்தாள். உன் அம்மா அரிசிப் பானையைத் திறக்கும்போதெல்லாம் அளவு குறைந்திருக்கும். ஒருநாள் பாவாடை மடியில் பச்சரிசியைக் கட்டிக்கொண்டு கொல்லைப்புறம் நின்று மென்றுகொண்டிருந்தவளைக் கையும் களவுமாகப் பிடித்தோம். பச்சை அரிசி தின்கிற பெண்ணுக்குக் கல்யாணத்தன்று மழை கொட்டும் என்று நம் பக்கம் கேலி செய்வார்கள் அல்லவா, அதையே சொல்லிச் சொல்லி ஓட்டினோம். நீ உன் பங்குக்கு, "பந்தலுக்குத் தார்ப்பாய் சொல்லி வைங்கப்பா" என்றாய். வீடே சிரித்தது, அவளும் சிரித்தாள். கொஞ்ச நாளில் பல்பம் தின்றாள். நீ சேர்த்து வைத்திருந்த பழைய சிலேட்டுப் பல்பம் காணாமல் போனதற்கு அவளிடம் சண்டை போட்டாயே, அது. உடம்பில் ரத்தம் குறைகிற பிள்ளைதான் இப்படிக் கண்டதையும் தேடித் தின்னும் என்று பின்னாளில் ஒரு நர்ஸம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். உடம்பு கத்திக் கத்திக் கேட்டிருக்கிறது. நாங்கள் தார்ப்பாய்க்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தோம்.

அவள் பத்தாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு ஒரு லேடி டாக்டர் வந்து எல்லாப் பிள்ளைகளையும் பார்த்தார். மகேசுவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்து, ரத்தசோகை என்று சீட்டு எழுதி, மூன்று மாசத்துக்கு மாத்திரை கொடுத்தனுப்பினார். ரத்தசோகை என்றதும் எனக்குத் திக்கென்றது. பெற்ற பிள்ளை இல்லையா? மாத்திரை கொடுக்கிற பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில் கடைக்கு வருவாள். அவளுக்கென்று தனியாக, தூள் தூக்கலாகப் போட்டு, பால் கெட்டியாக விட்டு ஒரு டீ ஆற்றி, மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக் கொடுப்பேன். விருதுநகர் லைனில் ஓடுகிற டிரைவர் கண்டக்டர் எல்லாம் வண்டியை நிறுத்திக் குடித்துவிட்டுப் போகிற டீ அது. அந்த டீயில் என் மகளுக்குத் தெம்பு ஏறும் என்று மனசார நம்பினேன். பக்கத்தில் தட்டு நிறைய அவித்த முட்டை இருக்கும். அதில் தினம் ஒன்று உனக்கு வீட்டுக்கு வரும். பையன் வளர்கிறான், படிக்கிறான் என்று கணக்கு. அவளும் வளர்கிறாள், அவளும் படிக்கிறாள் என்பது அந்தக் கணக்கில் வரவேயில்லை.

ஒரு மாசம் போயிருக்கும். மகேசு தயங்கித் தயங்கி உன் அம்மாவிடம், கக்கூஸ் போனால் கறுப்பாகப் போகிறது என்று சொல்லியிருக்கிறாள். உன் அம்மா அரண்டுபோய்க் கடைக்கே வந்துவிட்டாள். "வவுத்துக்குள்ள போயி இம்புட்டுக் கறுப்பாக்குற மருந்து, மேல எம்புட்டுக் கறுப்பாக்கும்? நாளைக்கு இவள எவன் கட்டுவான்?" என்றாள். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் போகும், ஒரு கெடுதலும் இல்லை, தோலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று இன்றைக்கு நான் யாருக்கு வேண்டுமானாலும் சொல்வேன். அன்றைக்கு எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. மிச்சமிருந்த அட்டைகளை வாங்கிச் சாக்கடையில் போட்டது உன் அம்மா இல்லை, நான்தான். அவள்மேல் பழியைப் போட்டு இத்தனை வருஷம் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் மூன்று வருஷம் ஓடிவிட்டது. பன்னிரண்டாவது முடித்ததும் மகேசு போலீஸ் வேலைக்கு எழுதிப் போட்டாள். உயரம் இருந்தது, பரீட்சையிலும் தேறிவிட்டாள். காலையில் மைதானத்தில் ஓடிப் பழகுகிறேன் என்றாள். அத்தனை வருஷத்தில் அவள் வாய்விட்டு ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான். பத்து நாள் ஓடினாள், நாலு நாள் படுத்தாள், மறுபடி எழுந்து ஓடினாள். சோம்பேறி என்று நாங்கள் பேர் வைத்த பிள்ளை அப்படி ஓடியது. மதுரையில் செலக்ஷன் நடந்த அன்று நான் கூடப் போனேன். வேலிக்கு வெளியே என்னைப் போல முப்பது நாற்பது அப்பன்மார் நின்றிருந்தோம். நெஞ்சில் நம்பர் குத்திக்கொண்டு முதல் ரவுண்டில் என் மகள்தான் முன்னால் வந்தாள். "அந்தா போறா பாருங்க, எம் மக" என்று பக்கத்தில் நின்றவரிடம் காட்டினேன். ரெண்டாவது ரவுண்டில் ஒவ்வொருத்தியாக அவளைத் தாண்டினார்கள். மூன்றாவதில் பாதி தூரம் வந்து, யாரோ தோளைப் பிடித்து அமுக்கின மாதிரி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு பெண் போலீஸ் ஓடிப்போய் முகத்தில் தண்ணீர் தெளித்தார். உதடெல்லாம் வெளுத்துப்போய், எழுந்திரிக்கப் பார்க்கிறாள், முடியவில்லை.

பழங்காநத்தத்தில் பஸ் ஏறியதிலிருந்து கப்பலூர் வருகிற வரைக்கும் அவளைத் திட்டினேன். "நாலு பேரு முன்னாடி தலைகுனிய வச்சுட்டியே. மூணு ரவுண்டு ஓட வக்கில்லாதவளுக்குப் போலீஸ் உத்தியோகம் ஒரு கேடா?" முன் சீட்டில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அழவில்லை. எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அன்றைக்கு அவள் நினைத்திருந்தால் ஒரே ஒரு வார்த்தையில் என் வாயை அடைத்திருக்கலாம். அடைக்கவில்லை.

ஒரு வாரம் பத்து நாள் கழித்து நம் கடையில் தினமும் டீ குடிக்கிற நர்ஸம்மா வந்தார். கிராமத்துப் பக்கம் டூட்டிக்குப் போக பஸ்ஸுக்கு நிற்கிறவர், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் புலம்பினேன். நானும் மாத்திரையெல்லாம் வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன், ஒன்றும் ஏறவில்லை, அவள் உடம்பு வாகு அப்படி என்றேன். எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டார். பெருமையாகத்தான் சொன்னேன், என் கையாலேயே டீ போட்டு, டீயோடு கொடுத்தேன் என்று. நர்ஸம்மா பாதி குடித்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணே, நீங்களே ஒரு கையில குடுத்து மறு கையில புடுங்கியிருக்கீங்க. டீயி, காபி, பாலு எதோட போட்டாலும் அந்த மாத்திரை ஒடம்புல சேராதுண்ணே. சாப்பாட்டுக்கு அப்புறம் தண்ணியில போடணும். எலுமிச்சம்பழம், நெல்லிக்காய், கொய்யா ஏதாவது ஒண்ணு கூட இருந்தா இன்னும் நல்லாச் சேரும். டீ குடிச்சே ஆகணும்னா ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் தள்ளித்தான். மாத்திரை குடுத்த டாக்டர் இதச் சொல்லலையா?"

"யாரும் சொல்லலம்மா" என்றேன்.

பொய் சொன்னேன். இதுதான் நான் உன் அம்மாவிடம்கூட இதுவரை சொல்லாதது. டாக்டர் சொல்லியிருந்தார். பிள்ளைகளை உட்கார வைத்து ஒழுங்காக எல்லாம் சொல்லி அனுப்பியிருந்தார். முதல் நாள் கடைக்கு வந்தபோதே மகேசு சொன்னாள், "டீயோட போடக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கப்பா" என்று. எனக்குச் சுருக்கென்றது. என் டீயையா? நாலு டிரைவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். "டாக்டரம்மா குடிக்கிற டீ வேற, ஒங்கப்பன் போடுற டீ வேற. குடி தாயி" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். மகேசு என் முகத்தைப் பார்த்தாள், குடித்தாள். மறுநாளும் குடித்தாள். தப்பு என்று தெரிந்தே, அப்பா மனசு நோகக் கூடாது என்று ஒரு மாசம் குடித்தாள். பஸ்ஸில் நான் அத்தனை பேச்சுப் பேசியபோதும் அதை வெளியே எடுக்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் எடுக்கவில்லை.

நர்ஸம்மா அன்றைக்குச் சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார். இமையை இழுத்துப் பார்த்தார், உள்பக்கம் சிவப்பே இல்லை, வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தால், பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஏழரை. சீட்டைப் பார்த்துவிட்டு மறுபடி வீட்டுக்கு வந்து என்னிடம், "மாசா மாசம் எத்தன நாளுண்ணே அவளுக்குப் போகுது?" என்று கேட்டார். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். "மொகத்தத் திருப்பாதீங்கண்ணே. பெத்தவருதான? ஒக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். உன் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, ஏழு நாள், சில மாசம் பத்து நாள்கூட என்றாள். பொம்பளைக்கு அப்படித்தானே என்றாள். மாசா மாசம் அவ்வளவு ரத்தம் போகிறது, உள்ளே வருவது என்ன என்று நர்ஸம்மா கேட்டார். யோசித்துப் பார்த்தோம். ஆம்பளைகள் சாப்பிட்டு முடித்தபின் மிச்சமிருந்த குழம்பும் சோறும். அந்த நாட்களில் அதுவும் மூலையில் தனித் தட்டில். கொல்லைக்குச் செருப்பில்லாமல் போய்வந்து வயிற்றில் பூச்சி வேறு. நம் வீட்டில் சோத்துக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை, அது உனக்குத் தெரியும். பஞ்சமில்லாத வீட்டில்தான் இது நடந்தது.

அதற்கப்புறம் நான் இறங்கினேன். பூச்சி மாத்திரை ஒன்று. பிறகு தினம் மதியச் சாப்பாடு முடிந்து அரைமணி கழித்து, எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரோடு இரும்பு மாத்திரை. அவள் ஆயிரம் சாக்குப்போக்கு சொன்னாலும் விடவில்லை. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும் என்று தெரிந்துகொண்டு, சாப்பிட்ட தட்டைப் பார்த்துவிட்டுத்தான் மாத்திரையை எடுப்பேன். வாரம் ரெண்டு நாள் முருங்கைக்கீரை. காலையில் கம்பங்கூழோ வெல்லம் போட்ட கடலை உருண்டையோ. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் முதல் ஆளாக நின்று ஆட்டு மண்ணீரல், அதுதான் சுவரொட்டி, வாங்கி வந்து, மிளகு போட்டு வதக்கி, அவள் தட்டில் வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு. நீ ஒருநாள் கேட்டாய், "எனக்கு?" என்று. "ஒனக்கு அப்புறம்" என்றேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாய். முட்டை ரெண்டாக வந்தது. நாலு மாசத்தில் அவள் ரெண்டு குடத்தை இறக்காமல் தூக்கி வந்து, குழாயடியில் வரிசையில் புகுந்த ஒருத்தியோடு சண்டையும் போட்டுவிட்டு வந்தாள். அந்தச் சண்டைச் சத்தத்தைக் கேட்டு உன் அம்மா அழுதாள், சந்தோஷத்தில்.

ஆனால் அதற்குள் நாங்கள் அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டோம். போலீஸ் வேலை ஆகாது என்று நான்தான் அவசரப்பட்டேன். அடுத்த செலக்ஷன் வந்தபோது அவள் நிறைமாசம். மாப்பிள்ளை தங்கமானவர், பேத்தி சுட்டி, ரெண்டு தெரு தள்ளி நன்றாக இருக்கிறாள், எல்லாம் சரிதான். ஆனாலும் கடைக்கு முன்னால் காக்கி உடுப்பில் ஒரு பெண் பிள்ளை போனால் என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடிவதில்லை. மகேசு பார்ப்பாள். போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இப்போது சொல், உன் பள்ளி ஜன்னலுக்கு வெளியே கிடப்பது என்ன? அதில் எத்தனை மகேசு கிடக்கிறாள் என்று உனக்குத் தெரியுமா? அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லாதே. குமட்டுகிறது என்று ஒருத்தி எறிந்திருப்பாள், கறுப்பாகப் போகிறது என்று பயந்து ஒருத்தி எறிந்திருப்பாள், பிள்ளை பிறக்காமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரை என்று எவளாவது கிளப்பிவிட்டிருப்பாள். ஒன்றும் சொல்லாமல் கையில் திணித்தால் நானாக இருந்தாலும் எறிவேன். நீ முதலில் சொல். கறுப்பாகப் போகும், பயப்படாதே என்று, அது போவதற்கு முன்னாலேயே சொல். சத்துணவு முடிந்த கையோடு கொடு, காலையில் பிரேயரில் வெறும் வயிற்றோடு நிற்கும்போது கொடுக்காதே. உன் முன்னாலேயே தண்ணீர் ஊற்றி விழுங்கச் சொல். படியேறினால் மூச்சு வாங்குகிறவள், வகுப்பில் தூங்கி வழிகிறவள், சாக்பீஸ் கடிக்கிறவள் இருந்தால் திட்டாதே, வாரத்துக்கு ஒரு மாத்திரை அவளுக்குப் போதாது, ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ரத்தம் பார்க்கச் சொல். மாசா மாசம் நிறையப் போகிறதா என்று கேட்க உனக்கு நா எழவில்லை என்றால் ஒரு டீச்சரம்மாவைக் கூட வைத்துக்கொள். ஆனால் பொம்பளைப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று சொல்லிவிட்டு வெளியே போகாதே. நான் அப்படி எழுந்து வெளியே போகப் பார்த்தவன்தான், அதனால்தான் சொல்கிறேன்.

நான் மட்டும் ஊருக்கு உபதேசம் செய்கிறேன் என்று நினைக்காதே. என் கடையில் என்ன நடக்கிறது என்று உன்னிடம் சொன்னதில்லை. காலை ஏழரை பஸ்ஸில் கிராமத்துப் பிள்ளைகள் வந்து இறங்கும், வீட்டில் ஒன்றும் சாப்பிட்டிருக்காது. ஒரு டீயும் பன்னும் அடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகும். அந்த வேளைக்கு யூனிபார்ம் போட்ட பெண் பிள்ளைக்கு என் கடையில் டீ கிடையாது. போன மாசம் ஒரு வாயாடி சண்டைக்கே வந்துவிட்டாள். "காசு குடுக்குறோம்ல தாத்தா? டீக்கடையில டீ இல்லைனா என்ன கடை இது?"

"சுண்டல் இருக்கு, அவிச்ச கடலை இருக்கு, முட்டை இருக்கு. தின்னு. டீ சாயங்காலம் வா, தாரேன்."

"அப்ப நாங்க அடுத்த கடைக்குப் போறோம்."

"போ. அங்க குடிச்சிட்டு மூணாம் பீரியட்ல தூங்கு."

போனாள். மறுநாள் வந்து சுண்டல் வாங்கினாள், ஏன் தாத்தா டீ குடிக்கக் கூடாது என்று கேட்டாள், சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பால்காரர்கூட, "அண்ணே, டீ விக்கிற ஆளே டீயக் குடிக்காதங்குறீங்க" என்று சிரிக்கிறார். டீ குடிக்காதே என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடிக்காதே, சாப்பாட்டோடும் மாத்திரையோடும் குடிக்காதே என்றுதான் சொல்கிறேன். இதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்? நீயோ சயின்ஸ் படித்தவன், வாத்தியார்.

இவ்வளவும் எழுதிவிட்டு, நேற்று மகேசுவைக் கடைக்கு வரச்சொல்லி அவள் கையிலேயே தாள்களைக் கொடுத்தேன். அவளுக்குத் தெரியாமல் அவள் கதையை உனக்கு அனுப்புவது சரியில்லை என்று பட்டது. பெஞ்சில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தாள். டாக்டரம்மா சொன்னதை அவள் என்னிடம் சொன்ன இடம் வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒங்களுக்கு அது ஞாபகம் இருக்காப்பா?" என்றாள். அத்தனை வருஷமும் நான் அதை மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். இருக்கிறது தாயி என்றேன். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன், அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"எங்கிட்ட மட்டும் சொல்லி என்னப்பா ஆகப்போகுது? தம்பி ஸ்கூல்ல அந்தப் புள்ளைக கிட்ட நான் பேசுறேன். ஏன் விழுந்தேன்னு நானே சொல்றேன். ஆனா நீங்களும் வரணும். டீயோட குடுத்தத நீங்க உங்க வாயால சொல்லணும். புள்ளைகளுக்கு டாக்டர் சொல்லிருவாங்க, வாத்தியார் சொல்லிருவாங்க. வீட்டுல போயி அத அப்பன்கிட்டச் சொன்னா அப்பன் கேக்கணும்ல?"

அதனால் வருகிற வியாழக்கிழமை என் கடை கிடையாது. ஹெச்.எம்.மிடம் அனுமதி வாங்கிவை. பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லி, அன்றைக்கு மதியம் அவர்களுடைய அப்பாக்களை வரச்சொல். வேலை இருக்கிறது, ஆள் வரவில்லை என்பார்கள், விடாதே, நாலு பேர் வந்தாலும் போதும். பதினொன்றரை பஸ்ஸில் நாங்கள் ரெண்டு பேரும் வந்து இறங்குவோம். அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று என் மகள் சொன்னதைக் கேட்காத கதையை நான் சொல்ல வேண்டும். முப்பது வருஷமாகப் பஸ் ஸ்டாண்டில் கத்திப் பேசிப் பழகிய எனக்கு, இதை நினைத்தால் பயமாக இருக்கிறது. மகேசுவிடம் அதையும் சொல்லிவிட்டேன். தாள்களை அடுக்கி மடித்து என் கையில் கொடுத்துவிட்டு அவள் சொன்னாள், "பயப்படாதீங்கப்பா. நீங்க பேசுற வரைக்கும் நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

உன் அப்பா